மூக்கால் மூச்சு: எதை அளக்கலாம், எப்படி அளக்கலாம்?

வாயில் பிளாஸ்ரர் ஒட்டிக்கொண்டு படுத்தால் நித்திரை நன்றாக வரும், குறட்டை நிற்கும், முகவெட்டுக்கூடத் திருந்தும் என்று சொல்லும் வீடியோக்கள் இப்போது வன்னியிலும் கைக்குக் கை போகின்றன. கூடவே இன்னொரு சோதனையும் வருகிறது: மூச்சை எத்தனை செக்கன் அடக்க முடிகிறதோ அதுதான் உங்கள் மூச்சின் தரம் என்கிறார்கள். வாயைத் திறந்தபடி தூங்கும் பிள்ளையைப் பார்க்கும் தாய்க்கும், அறுவடைத் தூசியில் மூக்கு அடைத்துப்போனவருக்கும் இதையெல்லாம் நம்புவதா விடுவதா என்று தெரிவதில்லை.

மூக்கால் மூச்சு விடுவது நல்லதுதான், அதில் தகராறு இல்லை. ஒருவரது மூக்கு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று அறிவதில்தான் சிக்கல். மூக்கு நாள் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும் உறுப்பு. நமக்குத் தோன்றும் அடைப்பும் உண்மையான அடைப்பும் பல நேரம் ஒத்துப்போவதில்லை.

## மூக்கு செய்யும் வேலை

ஓய்வாக இருக்கும் வளர்ந்தவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லீற்றர் காற்றை இழுக்கிறார். நடமாட்டத்தையும் சேர்த்தால் ஒரு நாளைக்குச் சுமார் 10,000 லீற்றர். அவ்வளவையும் நுரையீரலுக்கு ஏற்றபடி பதப்படுத்துவது மூக்கு.

1. சூடும் ஈரமும். நுரையீரலின் ஆழத்தை அடையும் காற்று கிட்டத்தட்ட 37 பாகை செல்சியசில், ஈரம் நிறைந்து இருக்க வேண்டும். அந்த வேலையின் பெரும்பகுதி மூக்குக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. மூச்சை மூக்கால் வெளிவிடும்போது கொடுத்த ஈரத்தில் ஒரு பங்கை மூக்கு திரும்பப் பிடித்துக்கொள்கிறது. வாயால் விட்டால் அந்த ஈரமும் போய்விடும். ஆடி மாதச் சோளகக் காற்றில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியவருக்குக் காலையில் தொண்டை வறண்டு எரிவது இதனால்தான்.

2. வடிகட்டல். மூக்கின் உட்சுவரைச் சளிப்படலம் மூடியிருக்கிறது. அதன் கீழே கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து, ஒட்டிய தூசியைச் சளியோடு தொண்டைப் பக்கம் நகர்த்துகின்றன. வேகம் நிமிடத்துக்கு ஒரு சில மில்லிமீற்றர். நாம் அதை அறியாமலே விழுங்கிவிடுகிறோம்.

3. நைத்திரிக் ஒட்சைட்டு. மூக்கைச் சுற்றியுள்ள எலும்பறைகளில் இந்த வாயு உருவாகிறது. மூக்கால் இழுக்கும் காற்றோடு அது நுரையீரலுக்குப் போய், அங்குள்ள இரத்தக் குழாய்கள் விரிய உதவுகிறது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 1990களில் இதை விளக்கினார்கள். வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகும்போது மூக்கிலிருந்து வெளிவரும் இந்த வாயு சுமார் 15 மடங்கு கூடுகிறது என்று 2002இல் காட்டியவர்களும் அவர்களே. முனகினால் நோய் தீரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எலும்பறைகளுக்கும் மூக்குக்கும் இடையிலான வழி திறந்திருக்கிறது என்பதற்குத்தான் இது அடையாளம்.

4. தடை. மூச்சுப் பாதை முழுவதிலும் காற்று சந்திக்கும் தடையில் ஏறத்தாழப் பாதி மூக்கிலேயே இருக்கிறது. அதனால்தான் மூக்கால் விடும் மூச்சு மெதுவாகவும் ஆழமாகவும் அமைகிறது.

கடும் வேலையில் கணக்கு மாறும். நிமிடத்துக்கு 35, 40 லீற்றர் அளவு காற்று தேவைப்படும்போது பெரும்பாலானவர்களுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். நெல் மூட்டை தூக்குபவர் வாயால் மூச்சு வாங்குவது நோயல்ல. அவரை வாயை மூடச் சொல்லத் தேவையில்லை.

## தூசியும் புகையும்: மூக்கின் எல்லை

வடிகட்டியின் திறன் துகளின் பருமனைப் பொறுத்தது. 10 மைக்ரோமீற்றருக்கு மேற்பட்ட துகள்களில் பெரும்பாலானவை மூக்கிலேயே மாட்டிக்கொள்ளும். கிரவல் வீதியில் டிப்பர் கிளப்பிவிட்டுப் போகும் புழுதி, சூடு அடிக்கும்போது பறக்கும் சப்பி, நெல் ஆலையின் உமித்தூசி ஆகியவற்றில் கணிசமான பங்கு இந்த வகை. இவை நுரையீரலுக்குப் போகாமல் மூக்கு காக்கிறது. ஆனால் அடிவாங்குவது மூக்குதான். ஒவ்வாமை உள்ளவருக்கு அங்கேயே தும்மல், நீர்வடிதல், வீக்கம்.

விறகுப் புகையின் துகள்கள் பெரும்பாலும் 1 மைக்ரோமீற்றருக்கும் சிறியவை. அவை மூக்கைத் தாண்டிப் போய்விடும். மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றால் புகை ஒன்றும் செய்யாது என்ற எண்ணம் தவறு. அதற்கு மருந்து புகைபோக்கியும் திறந்த யன்னலும்.

2022 டிசம்பரில் மண்டோஸ் புயலையொட்டிய நாட்களில் வடமாகாணத்தின் காற்று மாசடைந்ததும் நுண்துகள்களால்தான். அந்த மாதம் 9ஆம் திகதி நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. அப்படியான நாளில் மூக்கை நம்புவதைவிட வீட்டுக்குள் இருப்பதும், முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் மாஸ்க் அணிவதும் மேல்.

## சின்ன வீக்கம், பெரிய அடைப்பு

மூக்கின் இரு பக்கச் சுவர்களிலும் இரத்தம் நிறையக்கூடிய சதை மடிப்புகள் இருக்கின்றன. அவை வீங்கினால் வழி ஒடுங்கும். ஒழுங்கான ஒரு குழாயின் ஆரை பாதியாகக் குறைந்தால் அதன் தடை இரண்டு மடங்கு அல்ல, 16 மடங்காகும். மூக்கு ஒழுங்கான குழாய் இல்லைதான், ஆனாலும் போக்கு இதுவே. எல்லாவற்றிலும் ஒடுங்கிய இடம் துவாரத்துக்குச் சற்று உள்ளே இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு மில்லிமீற்றர் வீக்கம் வந்தாலே மனிதர் தவித்துப்போவார்.

அடுத்தது பலருக்கும் தெரியாத விஷயம். இரண்டு துவாரங்களும் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை. ஒரு பக்கம் வீங்கும்போது மறுபக்கம் சுருங்கும். சில மணி நேரத்தில் முறை மாறும். ஜேர்மனிய மருத்துவர் கைசர் இதை 1895இல் விவரித்தார். ஒருக்களித்துப் படுத்தால் கீழே இருக்கும் பக்கம் அடைப்பதும் இயல்பே. காலையில் வலது பக்கம் அடைத்திருந்தது, மத்தியானம் இடது பக்கம் அடைத்திருக்கிறது என்றால் அது பெரும்பாலும் சுகமான மூக்கு.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் இரண்டு துவாரங்களையும் சமாந்தரமாக இணைத்த இரண்டு தடைகளாக எண்ணிப் பார்க்கலாம். விளக்கத்துக்காக ஒரு கணக்கு:

1. இடது பக்கத் தடை 1.0, வலது பக்கம் 0.4 என்று வையுங்கள். மொத்தத் தடை சுமார் 0.29.
2. முறை மாறி இடது 0.4, வலது 1.0 ஆனாலும் மொத்தம் அதே 0.29. ஆளுக்கு ஒன்றும் தெரியாது.
3. இப்போது மூக்கின் நடுச்சுவர் வளைந்திருப்பதால் இடது பக்கம் எப்போதும் 1.0 என்று வையுங்கள். வலது பக்கம் திறந்திருக்கும்வரை மொத்தம் 0.29தான், பிரச்சினை இல்லை. வலது பக்கம் தன் முறைக்கு வீங்கி 1.0 ஆனதும் மொத்தம் 0.5. மூச்சு முட்டுகிறது.

மூன்றாவது நிலையில் உள்ளவர் வைத்தியரிடம் போய் என்ன சொல்வார்? வலது பக்கம்தான் அடைக்கிறது என்பார். கோளாறு இடது பக்கத்தில். காது, மூக்கு, தொண்டை வைத்தியர்கள் அடிக்கடி காணும் நிலை இது. நோயாளி சொல்லும் பக்கத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பிழைக்கும்.

## உணர்வு ஏன் நம்பத்தக்கதல்ல

மூக்கு திறந்திருக்கிறது என்ற உணர்வு காற்றின் அளவிலிருந்து நேரடியாக வருவதில்லை. உள்ளே போகும் காற்று உட்சுவரைக் குளிரச் செய்கிறது. அந்தக் குளிர்ச்சியை அறியும் நரம்பு முனைகள்தான் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. தைலங்களில் சேர்க்கும் மென்தோல் (menthol) என்ற பொருளும் அதே முனைகளைத் தூண்டுகிறது. ஆகவே விக்ஸ் அல்லது சித்தாலேப பூசியதும் மூக்கு திறந்ததுபோல இருக்கும். அந்த நேரத்தில் தடையை அளந்து பார்த்த ஆய்வுகளில் மென்தோலால் அது குறையவில்லை. நொச்சியிலை போட்டு வேது பிடிப்பதில் வரும் சுகமும் உணர்வுதான். அது தவறில்லை, சுகம் சுகம்தான். வேது பிடித்துவிட்டு மூக்கை மதிப்பிடாமல் இருந்தால் சரி. கொதிநீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளையை மட்டும் விடவேண்டாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. மடிப்புகளை அளவுக்கு மீறி வெட்டிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, மூக்கு விசாலமாக இருந்தும் மூச்சே வரவில்லை என்று தவிப்பவர்கள் இருக்கிறார்கள். கருவி மட்டும் போதாது, உணர்வு மட்டும் போதாது. இரண்டையும் தனித்தனியே கேட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

## மருத்துவத்தில் அளக்கும் முறைகள்

1. தடையளவு. ஒரு துவாரத்தை மூடி அதற்குள் அமுக்கத்தை அளக்கும் குழாய் வைக்கப்படும். மறு துவாரத்தில் காற்றோட்டம் அளக்கப்படும். 150 பஸ்கால் அமுக்க வேறுபாட்டில் எவ்வளவு காற்று போகிறது என்பது உலகளவில் ஒப்பிடப் பயன்படும் புள்ளி. சாதாரணமாக ஒரு முறையும், வீக்கத்தைச் சுருக்கும் மருந்து அடித்து இன்னொரு முறையும் எடுப்பார்கள்.

2. ஒலியளவு. 1989இல் அறிமுகமான முறை. ஒலித்துடிப்பை மூக்குக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியிலிருந்து எந்த ஆழத்தில் எவ்வளவு ஒடுக்கம் என்று வரைகிறார்கள். இது வழியின் வடிவத்தைக் காட்டும், காற்றோட்டத்தைக் காட்டாது.

3. உச்ச உள்மூச்சு அளவு. மூக்கை மூடும் மாஸ்க் ஒன்றில் சிறிய மானி பொருத்தியிருக்கும். வாயை மூடி, முடிந்த பலத்தோடு மூக்கால் இழுக்க வேண்டும். மூன்று முறை செய்து சிறந்ததை எடுப்பார்கள். சுகமான வளர்ந்தவர்களில் சராசரி நிமிடத்துக்கு 120 முதல் 145 லீற்றர்வரை இருக்கும், ஆண்களுக்குச் சற்றுக் கூட. விலையும் பாரமும் குறைந்த கருவி, மின்சாரம் தேவையில்லை. மாவட்ட வைத்தியசாலை மட்டத்துக்கு ஏற்றது இதுதான் என்பது என் எண்ணம். குறை என்னவென்றால், தொய்வுக்காரரின் நுரையீரல் பலவீனமும் இதே எண்ணைக் குறைத்துக் காட்டும். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடுவதைவிட, அதே ஆளைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவதற்கே இது நல்லது.

4. ஐந்து கேள்விகள். 2004இல் வெளியான கேள்விப் பட்டியல் இது. கடந்த ஒரு மாதத்தில் மூக்கு நிறைந்ததுபோல் இருந்ததா, அடைத்ததா, மூக்கால் மூச்சு விடக் கஷ்டமா, நித்திரை கெட்டதா, வேலை செய்யும்போது மூக்கால் போதிய காற்று வரவில்லையா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி. கூட்டி 5ஆல் பெருக்கினால் 100க்கு எத்தனை என்று வரும். 25 வரை இலேசு, 30 முதல் 50 வரை நடுத்தரம், 55உம் அதற்கு மேலும் கடுமை. கருவியே வேண்டாம், ஒரு கொப்பித்தாள் போதும்.

முதல் இரண்டும் பெரிய மையங்களிலும் ஆராய்ச்சிக் கூடங்களிலும் இருக்கும் கருவிகள். சாதாரண கிளினிக்கில் வைத்தியர் வெளிச்சம் போட்டு உள்ளே பார்ப்பார், தேவையானால் மெல்லிய கமரா விடுவார். பெரும்பாலானோருக்கு அதுவே போதும்.

## வீட்டில் கண்ணாடி வைத்துப் பார்ப்பது

மூக்கின் கீழே குளிர்ந்த கண்ணாடியையோ பளபளப்பான உலோகத் தகட்டையோ பிடித்து, இரு பக்கமும் படியும் ஆவியை ஒப்பிடுவது 19ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கும் சோதனை. இன்றும் கிளினிக்குகளில் உலோகக் கரண்டியால் செய்கிறார்கள். வீட்டிலும் செய்யலாம். ஆனால் வன்னி வெயிலுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது.

மூக்கிலிருந்து வெளிவரும் காற்று சுமார் 32 முதல் 34 பாகை. அதிலுள்ள நீராவி படிய வேண்டுமானால் கண்ணாடி அதைவிடக் குளிராக இருக்க வேண்டும். சித்திரை, வைகாசி மத்தியானத்தில் தகரக் கூரை வீட்டில் தொங்கும் கண்ணாடியே 35 பாகையில் இருக்கும். ஆவி படியவே படியாது. அதைப் பார்த்து மூக்கு முழுக்க அடைத்துவிட்டது என்று பயப்படுபவர்கள் இருக்கலாம். ஆகவே:

1. விடியப்புறம் செய்யுங்கள், அல்லது கண்ணாடியைக் கிணற்றுத் தண்ணீரில் குளிர வைத்து நன்றாகத் துடைத்துவிட்டுச் செய்யுங்கள்.
2. ஒரு முறை பார்த்து முடிவெடுக்க வேண்டாம். காலை, மத்தியானம், இரவு என்று சில நாட்கள் பாருங்கள். பக்கம் மாறிக்கொண்டிருந்தால் இயல்பு. எப்போதும் ஒரே பக்கம் ஆவி குறைவு என்றால் வைத்தியரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.
3. கண்ணாடி காட்டுவது வெளிவிடும் காற்றை. சிலருக்கு உள்ளிழுக்கும்போது மட்டும் மூக்கின் பக்கச் சுவர் உள்வாங்கி அடைக்கும். அதைக் கண்ணாடி காட்டாது. கன்னத்தை விரலால் காதுப்பக்கம் மெதுவாக இழுத்துப் பிடிக்கும்போது மூச்சு சட்டென்று இலகுவானால் அந்தச் சந்தேகம் எழலாம். சுகமான மூக்குக்காரருக்கும் சிறிது இலகுவாகும் என்பதால் இது முடிவான சோதனை அல்ல.

வாயில் ஒரு மிடறு தண்ணீரை வைத்துக்கொண்டு, உதட்டை மூடி, மூன்று நிமிடம் அமைதியாக இருக்க முடிகிறதா என்று பார்ப்பதும் பயனுள்ளது. முடிந்தால் ஓய்வில் மூக்கு போதுமான காற்றைக் கொண்டுபோகிறது. அப்படியிருந்தும் வாயால் மூச்சு விடுபவருக்கு அது பழக்கமாக இருக்கலாம். பழக்கத்தையும் அடைப்பையும் பிரித்தறிய வீட்டில் இதைவிட எளிய வழி இல்லை.

## மூக்கை அளக்காத சோதனைகள்

மூச்சை அடக்கும் சோதனை 1950களில் சோவியத் மருத்துவர் புத்தேக்கோ தொடங்கிவைத்த முறையிலிருந்து வந்தது. சாதாரணமாக மூச்சை வெளிவிட்டபின், மூச்சு வேண்டும் என்று முதலில் தோன்றும்வரை எத்தனை செக்கன் என்று எண்ணுவது. இது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு கூடுவதை மூளை எவ்வளவு தாங்குகிறது என்பதோடு தொடர்புடையது. மூக்கை விரலால் பொத்திக்கொண்டு செய்யும் சோதனை மூக்கு திறந்திருக்கிறதா என்று எப்படிச் சொல்லும்?

கொரோனாக் காலத்தில் வாங்கிய விரல்நுனி ஒட்சிசன் மானியும் உதவாது. சுகமானவர் மூக்கால் விட்டாலும் வாயால் விட்டாலும் அது 95க்கு மேல்தான் காட்டும். மூக்கு முழுக்க அடைத்தாலும் வாய் இருக்கிறதே.

வாய்ப் பிளாஸ்ரர் சோதனையே அல்ல, ஆனால் பலர் அதையும் ஒரு சோதனைபோலச் செய்து பார்க்கிறார்கள். 2025இல் வெளியான ஒரு மீளாய்வு, 213 பேரைக் கொண்ட 10 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. நித்திரையில் மூச்சு நின்று நின்று வரும் நோயுள்ள சிலரில் சிறிய பயன் தெரிந்தாலும், பொதுவாகப் பரிந்துரைக்க ஆதாரம் போதவில்லை. மூக்கு அடைத்தவர் வாயையும் ஒட்டினால் ஆபத்து. பிள்ளைகளுக்கு, குடித்துவிட்டுப் படுப்பவருக்கு, சத்தி வருபவருக்கு ஒட்டவே கூடாது. நித்திரையில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டைக்காரர் பிளாஸ்ரரால் சத்தத்தை மறைத்தால் நோய் உள்ளே இருக்கும், வீட்டாருக்குத் தெரியாமல் போய்விடும்.

## பிள்ளைகள்

மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேற்பகுதியில் உள்ள அடினொயிட் சதை ஏறக்குறைய 3 முதல் 7 வயதில் மிகப் பெரிதாக இருக்கும். அது வழியை மறித்தால் பிள்ளை வாயால் மூச்சு விடும். அதே சதை காதுக்குப் போகும் குழாயையும் அடைப்பதால் காதுக்குள் நீர் கட்டிக் கேட்கும் திறன் குறையலாம். வகுப்பில் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைக் கவனம் இல்லாதவன் என்று திட்டுவதற்கு முன் இரவில் அவன் எப்படித் தூங்குகிறான் என்று பார்க்க வேண்டும். நீண்டநாள் வாயால் மூச்சு விடுவது பல் வரிசையோடும் தாடை வளர்ச்சியோடும் தொடர்புடையது என்றும் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் வீடியோக்கள் சொல்வதுபோல் வாயை மூடியதும் வளர்ந்தவரின் முக எலும்பு மாறாது.

பிள்ளையிடம் கவனிக்க வேண்டியவை: தடிமன் இல்லாத நாட்களிலும் வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறி எழும்புவது, பகலில் தூங்கி விழுவது அல்லது அடங்காத துருதுருப்பு. இருந்தால் நித்திரையில் இருக்கும்போது ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வைத்தியரிடம் காட்டுங்கள். ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால் உள்ளே பாசிமணியோ பயறோ இருக்கலாம். பட்டன் பற்றரி என்று சந்தேகம் வந்தால் அன்றே, அந்த மணித்தியாலமே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அது சில மணி நேரத்தில் சதையை அரித்துவிடும்.

## அளந்த பிறகு

பார்மசியில் வாங்கும் மூக்குச் சொட்டு மருந்துகளில் சைலோமெற்றசொலின், ஒக்சிமெற்றசொலின் வகை சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மருந்து நின்றதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும். அப்புறம் அந்த மருந்தே நோயாகிவிடும். ஒவ்வாமைக்கு வைத்தியர் தரும் ஸ்டீரொயிட் ஸ்பிறே இதற்கு நேர்மாறு. முதல் நாள் ஒன்றும் தெரியாது, முழுப் பலன் தெரிய ஓரிரு வாரமாவது வேண்டும். மூன்றாம் நாள் கைவிடுபவர்களே அதிகம். தொடங்கும் நாளில் ஐந்து கேள்விப் புள்ளியை எழுதி வைத்து, ஒரு மாதம் கழித்து மறுபடி எழுதினால் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும்.

உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது பலருக்கு உதவும். ஒரு லீற்றருக்கு 9 கிராம் உப்பு. தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். கிணறு, குழாய்க்கிணறு, குளத்து நீரை அப்படியே மூக்குக்குள் விடக்கூடாது. அரிதானாலும் உயிர்கொல்லியான அமீபா ஒன்று மூக்கின் வழியாக மூளைக்குப் போகக்கூடியது.

எப்போதும் ஒரே பக்க அடைப்பு, அதோடு இரத்தம், முகத்தில் மரத்துப்போதல், கண் துருத்துதல், கழுத்தில் கட்டி என்றால் காத்திருக்க வேண்டாம். மற்றபடி கிளினிக்குக்குப் போகும்போது ஒரு தாளில் புள்ளி, எந்தப் பக்கம், எந்த நேரம், எந்த வேலைக்குப் பிறகு, என்ன மருந்து என்று எழுதிக்கொண்டு போங்கள். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினால் ஒரு நாள் வேலை போய்விடும். அந்த நாள் வீணாகாமல் இருக்க இந்தத் தாள் உதவும். சொட்டு மருந்தை மட்டும் அன்று காலையில் விடாதீர்கள். விட்டிருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். மருந்தால் திறக்கும் மூக்கில் கோளாறு பெரும்பாலும் சதை வீக்கம், திறக்காத மூக்கில் எலும்பும் நடுச்சுவரும். வைத்தியர் முதலில் பிரித்தறியப் பார்ப்பது இதைத்தான்.